பச்சை மண்டலத்தைத் தாக்கிய பனிச்சரிவு

ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே உள்ள சிறிய கிராமம் கால்ட்யூர். 1999 பிப்ரவரியில் அங்கு வாரக்கணக்கில் பனி கொட்டியது. சாலைகள் மூடப்பட்டதால் சுற்றுலாப் பயணிகளும் ஊரிலேயே சிக்கிக்கொண்டனர். ஆபத்து வரைபடத்தில் பாதுகாப்பான இடங்களுக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்ததால், ஊருக்குள் இருப்பதே நல்லது என்று எல்லோரும் நம்பினர்.

ஆனால் பலத்த காற்று, விழுந்த பனியை வாரிவந்து ஊருக்கு மேலுள்ள மலைச்சரிவுகளில் குவித்தது. அடியிலிருந்த வலுவற்ற பனியடுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பிப்ரவரி 23 மாலை பனி சரிந்து, பச்சை மண்டல வீடுகளையும் நொறுக்கியது. 31 பேர் மாண்டனர். மறுநாள் பக்கத்து வால்சூரில் மேலும் 7 பேர் பலியாயினர்.

பிறகு வரைபடம் திருத்தப்பட்டது, தடுப்புச்சுவரும் எழுந்தது. முன்பு பனி எதுவரை வந்தது என்று பார்ப்பது மட்டும் போதாது. இன்று காற்று அதை எங்கே குவித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கால்ட்யூர் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் இது.