சேற்றில் வளரும் செல்வம்



சம்பள நாளில் நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கும் இறால் எங்கே வளர்ந்தது என்று வகுப்பில் கேட்டால், "கடலில்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். அது பாதி விடைதான். மீதி விடை கிள்ளான் கரையின் சேற்றில் கிடக்கிறது. அதில் நம் பாட்டன்மாரின் வரலாறும் கலந்திருக்கிறது.

முதலில் இறாலின் கதையைப் பார்ப்போம். நம் கரையில் பிடிபடும் வெள்ளை இறால், கரைக்கு அப்பால் கடலில் முட்டையிடுகிறது. ஒரு தாய் இடும் முட்டைகள் இலட்சத்துக்கும் மேல். ஒரே நாளுக்குள் அவை பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுக்கு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை இல்லை. தண்ணீர் போகும் திசையிலேயே அதுவும் போகும். இப்படி மிதந்து திரியும் உயிர்களுக்குப் பிளாங்டன், அதாவது மிதவை உயிர்கள், என்று பெயர். அவற்றில் செடி வகை உண்டு. விலங்கு வகையும் உண்டு. செடி வகையைக் கடலின் புல் என்றே சொல்லலாம். வெயிலாலும் ஆறுகள் கொண்டுவரும் உரச்சத்தாலும் அது தழைக்கிறது. இறால் குஞ்சு முதலில் அந்தப் புல்லை மேய்கிறது. பிறகு விலங்கு மிதவைகளையும் தின்கிறது.

இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சு ஒரு தந்திரம் கற்றுக்கொள்கிறது. கடல் ஏறும்போது மேலே வந்து தண்ணீரோடு கரைக்குப் போகும். கடல் வற்றும்போது அடியில் ஒண்டிக்கொள்ளும். கிள்ளான் கரையில் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வித்தியாசம் உண்டு. கூலி கேட்காத படகு அது! அதிலேறி, பாக்காவ் மரங்கள் நிற்கும் சதுப்புக்காட்டு ஓடைகளுக்குக் குஞ்சு வந்து சேர்கிறது. அங்கே நீர் கலங்கல்; வேர்கள் நெருக்கம்; பெரிய மீன் எளிதில் துரத்த முடியாது. சில மாதம் அங்கே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது.

வட பசிபிக்கின் சால்மன் மீன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகிறது. அங்கே கடல்நீர் குளிர்ந்திருக்கும் ஆண்டுகளில் கொழுப்பு மிகுந்த மிதவை விலங்குகள் பெருகும். குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். கடல் சூடேறிய ஆண்டுகளில் பிழைப்பவை குறைவு. எந்தக் கடலானாலும், குஞ்சின் வாழ்வை நீரும் அந்த நீரிலுள்ள இரையும்தான் முடிவு செய்கின்றன.

இனி நம் கதைக்கு வருவோம். இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் 368 பேர் மாண்டனர். மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சனின் யோசனைப்படி காடு வெட்டப்பட்டது. கான்கள் தோண்டப்பட்டு நீர் வடிக்கப்பட்டது. 1902-இல் காய்ச்சல் சாவு 59 ஆகக் குறைந்தது. பிறகு கேரித் தீவு போன்ற இடங்களில் கடல்நீர் புகாதபடி வரப்பு எழுப்பித் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே மண்வெட்டி பிடித்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். அந்தக் கான்கள் உயிர் காத்தவை. அதை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

ஆனால் வரப்புக்கு உள்ளே அகப்பட்ட ஓடையில் இறால் குஞ்சு ஏற முடியாது. இந்த இழப்பை அன்று யாரும் கணக்கிடவில்லை. கணக்கு பின்னால்தான் வந்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சசேகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டு ஓடைகளில் 119 வகை மீன்களையும் 9 வகை இறால்களையும் கண்டதாக 1992-இல் எழுதினார்கள். அவரும் பங்குகொண்ட 1984-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இன்னொரு உண்மையைக் காட்டியது. ஓடைகளில் வாழும் உயிர்களின் உடலில் பாக்காவ் காட்டின் சத்து சேர்ந்திருக்கிறது. கரையை விட்டு விலகிய கடலில் வாழ்பவை மிதவைச் செடிகளையே நம்பி வாழ்கின்றன. இறாலுக்கோ இரண்டு வீடுகளும் வேண்டும்.

"அப்படியானால் கொசு மறுபடியும் வரட்டுமா?" என்று ஒரு பாட்டி கேட்கலாம். வேண்டாம், பாட்டி. வீட்டருகே உள்ள கான் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நாம் கேட்பது, அலை தொடும் கரையில் மிச்சமிருக்கும் காட்டைத்தான். 1990-களில் இண்டா தீவில் புதிய துறைமுகம் எழுந்தது. துறைமுகத்தால் வேலையும் வந்தது. ஆனாலும் வெட்டிய ஒவ்வொரு காட்டுக்கும் இறால் குஞ்சு ஒரு வீட்டை இழக்கிறது; மீனவர் வலை இலேசாகிறது; நம் சட்டிக்கு வரும் இறாலின் விலையும் ஏறுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓடும் கிள்ளான் ஆறுதான் இந்தக் கரையில் கடலில் கலக்கிறது. ஆற்றங்கரையில் நாம் எறியும் பையும் எண்ணெயும் குஞ்சின் தொட்டிலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. நம் பாட்டன்மார் நோய்க்கு அஞ்சிச் சேற்றை வடித்தார்கள். நாம் பிள்ளைகளின் சோற்றை எண்ணி, மிஞ்சிய சேற்றைக் காப்போம். இரண்டும் உயிர் காக்கும் வேலைதான்.