நாளின் முதல் பொழுது: கடவுளுக்கு முதலிடம் தரும் அன்றாட வாழ்வின் வரலாறு

முன்னுரை

கடவுளுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதை மறுக்கும் கிறிஸ்தவர் யாரும் இல்லை. அந்த முதலிடம் ஒரு வேலைநாளில் எந்த நேரத்தில், எந்த வடிவில் தரப்படுகிறது என்று கேட்கும்போதுதான் விடைகள் பிரிகின்றன. திருச்சபை இக்கேள்வியை ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு காலமும் தந்த விடையில் அக்காலத்து உழைப்பு, வீட்டமைப்பு, அதிகாரம் ஆகியவற்றின் தடம் பதிந்திருக்கிறது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு, உணவுக்கும் உடைக்கும் கவலைப்படுகிறவர்களிடம்தான் தேவனுடைய ராஜ்யத்தை முதலாவது தேடச் சொல்கிறார் (மத்தேயு 6:33). பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இடைவிடாமல் ஜெபிக்கச் சொல்கிறார் (5:17). அதே நிருபத்தில் சொந்தக் கைகளால் உழைக்கவும் சொல்கிறார் (4:11). இரண்டையும் ஒருவர் ஒரே நாளில் எப்படிக் கைக்கொள்வது?

இதற்கு இரண்டு வழிகள் வரலாற்றில் தொடர்ந்து தென்படுகின்றன. நாளின் ஒரு பொழுதை, சிறப்பாக முதல் பொழுதை, கடவுளுக்கென்று ஒதுக்குவது ஒன்று. செய்யும் வேலை எதுவானாலும் அதைக் கடவுளின் சமுகத்தில் செய்வது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கியே நிற்கக்கூடியவை என்பதும், ஒன்று மற்றதைவிட்டு விலகிய காலங்களில் திருச்சபை யாரேனும் ஒருவர் வழியாகத் திருத்தம் பெற்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. ஆதித் திருச்சபையின் நேர ஒழுங்கு

முதல் கிறிஸ்தவர்கள் நேரம் குறித்து ஜெபிக்கும் வழக்கத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஷெமா என்னும் விசுவாச அறிக்கையை ஓதும் யூத மரபில் அவர்கள் வளர்ந்தவர்கள். தானியேல் நாள்தோறும் மூன்று வேளை முழங்காற்படியிட்டதை அறிந்தவர்கள். முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகப் பெரும்பாலோர் கருதும் டிடாக்கே என்னும் சபை ஒழுங்கு நூல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், விடியலிலும் இரவு தொடங்கும்போதும் ஜெபிப்பதைக் கடமையாகக் கொண்டு, பகலில் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளையும் பரிந்துரைத்தார்.

ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் அப்போஸ்தலிக்க மரபு என்னும் நூல் இன்னும் நுட்பமானது. அந்நூலை எழுதியவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விசுவாசிகள் விழித்தெழுந்ததும், எந்த வேலையையும் தொடுமுன், கைகழுவி ஜெபிக்க வேண்டும் என்கிறது அது. இது வேலையற்றவர்களுக்குச் சொன்ன விதி ஆகாது. அன்றைய சபையில் அடிமைகளும் கைவினைஞர்களும் வணிகர்களும் இருந்தார்கள். பிறருடைய கட்டளைக்கு நாள் முழுவதும் உட்பட்டவருக்கும் எழுந்தவுடன் வரும் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களையே திருச்சபை கேட்டது.

இடைவிடாத ஜெபம் பற்றிய கேள்விக்கு நேரடியாக விடை தந்தவர் ஓரிகன். 230களில் எழுதிய ஜெபம் பற்றிய நூலில், ஜெபத்தோடு நற்செயலையும் நற்செயலோடு ஜெபத்தையும் இணைக்கிறவரே இடைவிடாமல் ஜெபிக்கிறவர் என்றார். அவர் பார்வையில் பரிசுத்தவானின் வாழ்க்கை முழுவதுமே ஒரு பெரிய ஜெபம். நேரம் குறித்துச் செய்யும் ஜெபம் அதன் ஒரு பகுதி. ஆனாலும் நாளுக்கு மூன்று வேளையாவது தனியே ஜெபிப்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளின் விவாதம் முழுவதும் அவர் வகுத்த இந்த இணைப்பைச் சுற்றியே நடந்தது.

2. உழைப்பை விலக்கிய பக்தியும் அதற்கு வந்த திருத்தமும்

நான்காம் நூற்றாண்டில் இந்த இணைப்பு அறுந்தது. சிரியா, மெசப்பத்தாமியா பகுதிகளில் மெசாலியர் எனப்பட்டோர், ஜெபம் ஒன்றே போதும் என்று கருதிக் கைத்தொழிலை விலக்கினர். கடவுளுக்கு முதலிடம் என்பது மற்ற எதற்கும் இடமில்லை என்றானது. 431இல் கூடிய எபேசு பொதுச்சங்கம் அவர்களைக் கண்டித்தது. ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் கார்த்தேஜ் துறவிகள் சிலர், ஆகாயத்துப் பறவைகளைப் பற்றிய இயேசுவின் சொல்லைக் காட்டி உழைக்க மறுத்தனர். அவர்களுக்கு மறுப்பாக அகுஸ்தீன் துறவிகளின் உழைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். கைகள் வேலை செய்யும்போது நாவு சங்கீதம் பாடத் தடையென்ன என்பது அவருடைய வாதம்.

ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியின் மோந்தே கசினோவில் ஆசீர்வாதப்பர் வகுத்த மடவிதி, இந்தத் திருத்தத்துக்கு நிலையான அமைப்பைத் தந்தது. இறைவழிபாட்டுக்கு மேலாக எதையும் வைக்கக் கூடாது என்கிறது 43ஆம் அதிகாரம். அழைப்பொலி கேட்டதும் துறவி கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். ஐந்து அதிகாரம் தள்ளி, சோம்பலை ஆன்மாவின் பகையாகச் சாடி, உழைப்புக்கும் வாசிப்புக்கும் மணிக்கணக்கு வகுக்கிறது 48ஆம் அதிகாரம். பண்டகசாலைப் பொறுப்பாளர் மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும் என்பது 31ஆம் அதிகாரத்தின் கட்டளை. தொலைவில் வேலை செய்வோர் வேளை வந்ததும் அந்த இடத்திலேயே முழங்காற்படியிடலாம் என்று 50ஆம் அதிகாரம் இசைகிறது. முதலிடம் என்பது இங்கே நேர அட்டவணையாகவும் மண்வெட்டியைப் பேணும் முறையாகவும் ஒருங்கே வடிவெடுத்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. முழுமையான ஜெப வாழ்வு துறவிகளுக்கே உரியது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. வசதியுள்ள பொதுநிலையினர் வேளை ஜெபங்கள் அடங்கிய கையெழுத்து ஏடுகளை வாங்கி வாசித்தனர். எழுத்தறியாத உழவருக்கோ ஆலய மணியோசையும் மனப்பாடமான சில ஜெபங்களுமே எஞ்சின.

3. மடத்திலிருந்து வீட்டுக்கு

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் இந்தப் பிரிவினையைத் தாக்கியது. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசம் குடும்பத் தலைவரை நோக்கிப் பேசுகிறது. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளமிட்டு, விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லி, சிறு ஜெபத்துக்குப் பின் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகச் சொல்கிறது. மடத்தின் நீண்ட காலை ஆராதனை, ஒரு தொழிலாளி வீட்டில் சில நிமிடங்களில் முடியும் அளவுக்குச் சுருக்கப்பட்டது.

1535இல் அவர் தம் நாவிதரான பேதுருவுக்காக ஜெபிக்கும் எளிய முறையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். காலையின் முதல் வேலையும் இரவின் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார். இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும், இந்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று மனம் சொல்லும் சாக்குகளை அவர் நன்கு அறிந்திருந்தார். அவசரமான நற்பணி ஜெபத்துக்கு ஈடாகலாம் என்று ஒப்புக்கொண்டு, அதைக் காரணங்காட்டி ஜெபப் பழக்கத்தையே இழந்துவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். நல்ல நாவிதன் கத்தியில் கண்ணாக இருப்பதுபோல ஜெபத்திலும் கவனம் வேண்டும் என்று அவனுடைய தொழிலிலிருந்தே உவமை எடுக்கிறார். உழைக்கும் ஒருவனின் நாளை இவ்வளவு அக்கறையோடு அணுகிய ஜெபநூல்கள் குறைவு.

இங்கிலாந்தில் பேராயர் கிரான்மரின் பொது ஜெபநூல் (1549) மடத்தின் பல வேளைகளைக் காலை, மாலை என்று இரண்டாக்கி, மக்கள் மொழியில் பங்குக் கோவிலுக்குக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் 1647இல் குடும்ப ஆராதனைக்கு வழிகாட்டி ஒன்றை ஏற்றது. குடும்ப ஆராதனையை அலட்சியம் செய்யும் தலைவரை முதலில் தனியே கண்டிக்கவும், திருந்தாவிட்டால் இறுதியில் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கவும் அதில் இடமிருந்தது. ஜெபம் வீட்டுக்கு வந்தது பெரும் பேறு. வீட்டுத் தலைவரின் அதிகாரமும் கூடவே வந்தது என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது. வேலைக்காரர் அந்த ஆராதனையில் அமர்ந்தது சொந்த விருப்பத்தாலா, எஜமானின் ஆணையாலா என்ற கேள்வி ஆவணங்களின் இடைவெளிகளில் நிற்கிறது.

4. சமையலறையின் இறையியல்

ஓய்வு வேளையே இல்லாதவர்களுக்கு இந்த வரலாற்றில் என்ன இடம்? இதற்கு மிகத் தெளிவான விடை பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தின் சமையலறையிலிருந்து வந்தது. லொரேன் பகுதியில் பிறந்து, போர்வீரராக இருந்து, மடத்தில் சேர்ந்த சகோதரர் லாரன்ஸ் (1691இல் மறைந்தவர்) பல ஆண்டுகள் சமையல் பணியிலும் பிறகு செருப்புத் தைக்கும் பணியிலும் இருந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடித்ததன்று. அவர் மறைந்த பின் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. குறித்த ஜெபவேளையிலும் அடுக்களை ஆரவாரத்திலும் தமக்குக் கடவுளின் சமுகம் ஒன்றே என்பது அவற்றின் சாரம்.

இதை வைத்து ஜெபவேளைகளே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. லாரன்ஸ் வாழ்ந்த மடத்தில் ஜெபமணி நாள்தோறும் ஒலித்தது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒதுக்கிய வேளைகளில் பழகிய மனமே வேலையின் நடுவிலும் கடவுளை நோக்கித் திரும்பக் கற்றது.

5. ஹாலேயிலிருந்து தமிழகத்துக்கு

1675இல் ஸ்பேனர் வெளியிட்ட நூலோடு ஜெர்மானிய லூத்தரன் சபையில் பியட்டிச இயக்கம் வலுப்பெற்றது. வீடுகளில் சிறு குழுக்களாக வேதம் வாசிப்பதும், பக்தியை நடத்தையில் காட்டுவதும் அதன் உயிர்நாடி. அதன் தலைவர்களுள் ஒருவரான ஃபிராங்கே ஹாலே நகரில் அநாதை இல்லமும் பள்ளிகளும் நிறுவியது இந்தப் பக்தியின் விளைவு. ஹாலேயில் பயின்ற மிஷனரி சீகன்பால்க், உடன் ஊழியரான புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது.

அதே இயக்கத்தின் மற்றொரு கிளை ஹெர்ன்ஹூட் நகரின் மொரேவியர். 1728 முதல் அவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேத வாக்கியத்தை வீடு வீடாகக் கொண்டுசென்றனர். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக அச்சாகி இன்றுவரை வெளிவருகிறது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியர் சிலர் கைத்தொழிலால் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தனர்.

திருநெல்வேலிச் சீமையில் இம்மரபு கிராம வடிவம் பெற்றது. 1799இல் டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று அமைத்த முதலூர் தொடங்கி, ஆலயத்தையும் பள்ளியையும் நடுவில் கொண்ட கிறிஸ்தவ ஊர்கள் எழுந்தன. உபதேசியார் மணியடித்துக் காலை, மாலை ஜெபம் நடத்தினார். பனையேறிகள் நிறைந்த ஊர்களில் பாளை சீவும் பொழுதையும் ஜெபவேளை கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. கீர்த்தனைத் தொகுப்புகளில் காலைப் பாட்டுகளும் மாலைப் பாட்டுகளும் தனியிடம் பெற்றன. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ பாயை விரித்து அமரும் குடும்ப ஜெபம், தமிழ்க் கிறிஸ்தவ வீட்டின் அடையாளமானது.

6. தனி மனிதரின் காலை

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலையும் நகர வாழ்வும் குடும்பத்தின் பொதுவான பொழுதைக் கலைத்தன. 1867இல் லண்டனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஊழியம் 1879இல் அன்றாட வேத வாசிப்பு அட்டையை வெளியிட்டது. ஸ்கிரிப்சர் யூனியன் என்று உலகெங்கும் பரவியது அதுதான். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடையே காலையில் தனியே வேதம் வாசித்து ஜெபிக்கும் பழக்கம் வேகம் பெற்றது. முதலிடம் தரும் பொறுப்பு சபையிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் தனி மனிதர் கைக்கு வந்தது. எழுத்தறிந்த எவரும் எங்கிருந்தும் கடவுளோடு நாளைத் தொடங்கலாம் என்றாயிற்று. தவறவிட்ட நாளில் அவரைத் தாங்கப் பக்கத்தில் யாரும் இல்லை என்றும் ஆயிற்று.

இந்தத் தனிமைக்கு ஒரு திருத்தத்தை ஜெர்மனியில் இறையியலாளர் போன்ஹோஃபர் அளித்தார். 1935 முதல் ஃபின்கன்வால்டேயில் அவர் நடத்திய குருமாணவர் இல்லத்தை 1937இல் நாஜி இரகசியக் காவல்துறை மூடியது. அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி 1939இல் வெளிவந்த நூல், காலையைச் சமூகமாகக் கூடி ஜெபிக்கும் வேளையாக முன்வைத்து, தனித் தியானத்தையும் பகல் உழைப்பையும் அதனோடு கோத்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருப்புகழ்மாலையைப் பொதுநிலையினரும் சொல்ல ஊக்குவித்தது. மடத்துக்குள் நிலைபெற்ற வேளை ஜெபம் மக்களிடம் திரும்பியது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடவுளுக்கு முதலிடம் என்பது எக்காலத்திலும் வெறும் உள்ளுணர்வாக நின்றதில்லை. ஒரு வேளை, ஓர் இடம், ஒரு பாடம் என்று உருவம் பெற்றபோதுதான் தலைமுறை தாண்டி நிலைத்தது. இரண்டாவது, ஒதுக்கிய வேளை உழைப்பை இழிவாகக் கருதியபோது மெசாலியரின் பிழை நேர்ந்தது. உழைப்பே ஜெபம் என்று வேளையைக் கைவிடும்போது, லூத்தர் எச்சரித்தபடி, ஜெபம் பழக்கமற்றுப் போகிறது.

மூன்றாவதே இன்று நம் சபைகளுக்கு மிக அவசரமானது. முதல் பொழுதைக் கடவுளுக்குத் தரும் உரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. குடும்பமே பாயில் அமர்ந்திருக்க, அடுப்பைப் பார்த்துக்கொண்டு பாதி ஜெபத்தில் வந்து சேரும் தாய்மார் நம்மிடையே பலர். இரவு வேலை முடித்து விடியலில் வீடு திரும்பும் தொழிலாளிக்கும் தாதிக்கும் முதல் பொழுது எது என்று சபை யோசிக்க வேண்டும். வேலையைப் பகிர்ந்து அவர்களுக்கும் ஜெபத்தில் முழுமையாக அமர நேரம் உண்டாக்குவது குடும்பத்தின் கடமை. அவரவர் வேலை நேரத்துக்கு ஏற்ப வேளையை வகுத்துத் தருவது சபையின் கடமை. தேவராஜ்யத்தை முதலாவது தேடுகிற வீட்டில், ஒருவருடைய ஜெபத்துக்காக மற்றொருவர் தம் ஜெபத்தை இழக்கும் நிலை இருக்கலாகாது.