வி. கே. ஆர். வி. ராவ்

விஜயேந்திர கஸ்தூரிரங்க வரதராஜ ராவ் (8 ஜூலை 1908 – 25 ஜூலை 1991) காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளியல் அறிஞர். இந்திய அரசின் புள்ளியியல் இயக்குநராகப் பணியாற்றி, பின்னாளில் மத்திய அமைச்சரானார். புள்ளிவிவர அதிகாரி ஆட்சிப் பொறுப்புக்கு வருவது எந்த நாட்டிலும் அபூர்வம். 

பம்பாயில் படித்த ராவ், கேம்பிரிட்ஜில் பொருளியலாளர் கெயின்ஸின் மாணவரானார். பிரித்தானிய இந்தியாவின் 1931-32ஆம் ஆண்டு வருமானத்தை ஆராய்ந்து 1937இல் முனைவர் பட்டம் பெற்றார். தலைக்கு ஆண்டுக்கு 62 ரூபாய் என்பது அவர் கண்ட விடை. அவருக்கு முன் தாதாபாய் நௌரோஜி சொன்ன 20 ரூபாய், ஆங்கிலேயரின் சுரண்டலை அம்பலப்படுத்த வந்த எண். ராவின் எண்ணுக்குப் பின்னால் ஒரு முறையியல் இருந்தது. வேளாண்மை, சுரங்கம் போன்றவற்றில் விளைந்த பொருளின் மதிப்பைக் கூட்டினார். கணக்குப் புத்தகமே இல்லாத கைத்தொழில், சேவைகளுக்கு, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் ஆள் எண்ணிக்கையைச் சராசரி வருமானத்தால் பெருக்கினார்.

இந்த இரண்டாம் வழி எங்கே இடறும் என்று காட்டச் சிவகாசி வட்டாரமே போதும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு, வேலை ஆலைச் சுவருக்குள் அடங்கவில்லை, வீடுகளுக்கும் பரவியது. குரோஸ் கணக்கில் கூலிக்குப் பெட்டி ஒட்டும் பெண், கணக்கெடுக்க வருபவரிடம் 'வீட்டில் சும்மா இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால், அவள் உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறாது. பட்டாசு வந்து, வீடுகளில் சரம் பின்னத் தொடங்கியபோதும் இதே சிக்கல்தான். குடும்பத் தொழிலின் தனித்தன்மையை ராவ் நன்கு அறிந்திருந்தார். கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டாரே உழைக்கும் தொழில்கள் மிகுந்த நாட்டில், முதலீட்டைக் கூட்டினால் கெயின்ஸ் சொன்ன மடங்கில் உற்பத்தி பெருகாது, விலைவாசிதான் ஏறும் என்று 1952இல் எழுதினார். ஆசிரியரின் கோட்பாட்டையே மறுத்த அந்தக் கட்டுரைதான் அவர் எழுத்துகளில் இன்றும் கூர் மழுங்காதது.

வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத 1944-45இல் அரசின் புள்ளியியல் இயக்குநராக இருந்தார். அடுத்து வாஷிங்டனில் உணவு, பொருளாதார ஆலோசகர். ஐ.நா. துணைக்குழு ஒன்றின் தலைவராக, ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் அமைப்பு வேண்டும் என்று 1949இல் வாதாடினார். பணக்கார நாடுகள் தட்டிக்கழித்த அந்த யோசனை, 1960இல் உலக வங்கியின் சர்வதேச வளர்ச்சிச் சங்கமாக வேறு உருவில் வந்தது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தலைமையில் 1949இல் அமைந்த தேசிய வருமானக் குழுவில் பொருளியலாளர் காட்கிலும் ராவும் உறுப்பினர்கள். டெல்லி பொருளியல் பள்ளியை அவர் நிறுவியதும் அதே ஆண்டுதான். பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர்.

அரசியலுக்கு அவர் வந்தது காங்கிரசுக்குப் பொல்லாத காலம். 1967 தேர்தலில் காமராஜர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். பெல்லாரியில் நின்ற ராவ் மக்களவைக்குப் போனார். இந்திரா காந்தி அமைச்சரவையில் முதலில் போக்குவரத்து, கப்பல் துறையும் 1969இல் கல்வித் துறையும் அவரிடம் வந்தன. அந்த ஆண்டு இறுதியில் கட்சி பிளந்தபோது காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். ராவ் இந்திராவுடன் இருந்தார்.

கல்வி அமைச்சராக அவர் 24 செப்டம்பர் 1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முகாமுக்குப் போய்க் கண்மாயில் சீமைக் கருவேலம் வெட்டும் இன்றைய மாணவருக்கு 'என்.எஸ்.எஸ்.' தெரியும், ராவைத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 1971இல் மீண்டும் பெல்லாரியில் வென்றும் அமைச்சர் பதவி கிட்டவில்லை. அதனால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை: மக்களவை உறுப்பினராக இருந்துகொண்டே 1972இல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1974இல் பத்ம விபூஷண் பெற்றார்.