குடுவைக்குள் ஒரு கதிரவனா?

கோடை மாலையொன்றில் வேங்கிக்காலில் மின்சாரம் நின்றுபோயிற்று. கோவில் திண்ணையில் என்னோடு அமர்ந்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சாமி, தண்ணீரிலிருந்தே அணுமின்சாரம் எடுத்துவிட்டதாக ஒரு காலத்தில் சொன்னார்களாமே, உண்மையா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு ஓரிரு சொற்களில் விடை கூறினேன். வரலாற்றை முழுமையாகச் சொல்வதே முறை என்று பின்னர் தோன்றியது.

1989-ஆம் ஆண்டு மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்னும் இரு வேதியியலார் செய்தியாளர்களைச் சந்தித்தனர். கனநீர் நிறைந்த குடுவையில் பல்லேடியம் உலோகத்தை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தியபோது, செலுத்திய ஆற்றலினும் மிகுதியான வெப்பம் வெளிப்பட்டதென்றும், அது அணுக்கரு இணைவின் விளைவே என்றும் அறிவித்தனர். அதற்குக் 'குளிர் இணைவு' என்று பெயர் வழங்கலாயிற்று. கதிரவனின் மையத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை வெப்பத்தில் நிகழ்வது, மேசைமீது அறை வெப்பத்தில் நிகழ்ந்ததென்றால் உலகம் வியக்காதிருக்குமா? அப்போது குருமட மாணவனாயிருந்த நானும் அச்செய்தியை ஆவலோடு வாசித்தவன்.

நம் நாட்டு அறிவியலாரும் வாளாவிருக்கவில்லை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக அந்நாளில் விளங்கியவர் டாக்டர் பி. கே. அய்யங்கார், 1974-ஆம் ஆண்டின் பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்காற்றியவர். சில வாரங்களிலேயே அங்குப் பல குழுக்கள் சோதனையில் இறங்கின. நம் கல்பாக்கத்திலும் சோதனைகள் நடந்தன. கனநீர் நமக்கு அரிய பொருளன்று. தூத்துக்குடியிலேயே 1978 முதல் கனநீர் ஆலை இயங்கிவந்தது. நியூட்ரான்களையும் டிரிட்டியத்தையும் கண்டதாக மும்பைக் குழுக்கள் அறிவித்தன. அய்யங்காரும் மகாதேவ சீனிவாசனும் தொகுத்த அறிக்கை அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தது.

எனினும் ஐயங்கள் வலுத்தன. அவற்றுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, அணுக்கருக்கள் அனைத்தும் நேர்மின்னேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். பல்லேடியத்திற்குள் டியூட்டிரிய அணுக்கள் நெருக்கப்படுவதாகத் தோன்றினும், அவற்றிடையேயுள்ள தொலைவு சாதாரண டியூட்டிரிய வாயு மூலக்கூறில் உள்ளதைவிடக் குறைவன்று. பின்னர் இணைவு எங்ஙனம் நிகழும்? இரண்டாவது, நாம் அறிந்த முறையில் இணைவு நிகழ்ந்திருப்பின், ஒரு வாட் வெப்பத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ இலட்சம் கோடி நியூட்ரான்கள் வெளிப்பட்டிருக்க வேண்டும். காப்புச்சுவரின்றி அருகில் நின்றோர் உயிர் பிழைத்திருத்தல் அரிது. மேலும், நியூட்ரானும் டிரிட்டியமும் ஏறத்தாழச் சம அளவில் தோன்ற வேண்டியிருக்க, மும்பையில் டிரிட்டியமே கோடி மடங்கு அளவில் மிகுந்து காணப்பட்டது. இது புதிய நிகழ்வொன்றின் தடயம் என்றனர் சிலர். வெளியிலிருந்து கலந்த மாசாக இருக்கலாம் என்றனர் மற்றோர். மூன்றாவது, ஒருவர் கண்டதைப் பிறர் விரும்பியபோது காண இயலவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெயர்பெற்ற ஆய்வகங்கள் முயன்று தோற்றன.

அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த குழு, சான்றுகள் போதா என்று 1989 நவம்பரில் முடிவு கூறியது; 2004-இல் நடந்த மறுஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது. நம் நாட்டிலும் 1990-களில் இவ்வாராய்ச்சி படிப்படியாகத் தேய்ந்தது. ஆயினும் ஆர்வம் அற்றுப்போகவில்லை. 2011 பிப்ரவரியில் இத்துறையின் பதினாறாவது பன்னாட்டு மாநாடு சென்னையிலேயே கூடியது. கூகுள் நிறுவனத்தின் நிதியுதவியோடு பல ஆண்டுகள் நடந்த கவனமான ஆய்வும் குளிர் இணைவுக்குச் சான்று எதையும் காணவில்லை என 2019-இல் 'நேச்சர்' இதழில் அறிக்கை வந்தது.

இவர்களை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நீதியாகாது. எரிபொருளுக்காகப் பிற நாடுகளை நம்பியிருக்கும் ஏழை நாட்டின் அறிவியலார், பெரும் நன்மை ஒன்றின் வாயிலைத் தட்டிப் பார்த்தது குற்றமன்று. தட்டாமல் விட்டிருந்தால் அன்றோ குறை சொல்ல வேண்டும்! பிழை எங்கே நேர்ந்தது? யூட்டாவில், சக அறிஞர் சோதித்துப் பார்க்குமுன்பே செய்தியாளரை அழைத்ததில் நேர்ந்தது. நன்மையின் மீதுள்ள ஆவல், அளவீட்டின் மீதிருக்க வேண்டிய கண்டிப்பைத் தளர்த்திவிட்டது. ஏழைகளின் பெயரால் எழும் நம்பிக்கையையே மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். ஏனெனில், அது பொய்த்தால் முதலில் ஏமாறுவோர் அவர்களே.

அம்மாணவனை மீண்டும் கண்டபோது இவ்வாறு சொன்னேன்: "தம்பி, இன்றுள்ள சான்றுகளின்படி அது நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும். நாளை எவரேனும் நிகழ்ந்தது என்றால், எத்தனை பேர் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள் என்று கேள்." அவன் சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டு, "அந்த டிரிட்டியம் எங்கிருந்து வந்தது, சாமி?" என்றான். அக்கேள்விக்கு எல்லாரும் ஒப்பிய விடை இன்றளவும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.