பீரங்கி அளந்த நிலம்

நிலத்தை அளக்க என்னென்ன வழி உண்டு? கோல், கயிறு, சங்கிலி... இந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். கடலூரில் ஒரு தடவை பீரங்கியை வைத்து அளந்தார்கள்!

வருடம் 1690. செஞ்சிக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் உட்கார்ந்திருக்கிறார். மொகலாயப் படை கோட்டையைச் சுற்றி வளைக்க வந்துகொண்டிருக்கிறது. ராஜாராமுக்குக் கடும் பணமுடை. தேவனாம்பட்டினத்தில், கடலோரமாக அவருக்கு ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதை விற்றுவிடுவது என்று முடிவானது. வாங்க வந்தது ஆங்கிலேயக் கும்பினி. சென்னையில் அப்போது கவர்னர், எலிஹூ யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, பின்னாளில் இவர் கொடுத்த நன்கொடைக்காக அதற்கு வைத்த பெயர்தான் அது.

விற்பனையில் ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் வாங்கியவருக்கே சொந்தம். யேல் லேசுப்பட்ட வியாபாரியா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கடலூருக்கு அனுப்பினார். கூடவே ஆளையும். 'எல்லாம் சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது' என்கிற மாதிரி ஒரு குறிப்பும் போனது! செப்டம்பர் மாதம் ஒரு நாள், பல திசைகளிலும் திருப்பித் திருப்பிச் சுட்டார்கள். கடலூர் டவுனே அந்த எல்லைக்குள் வந்து விழுந்துவிட்டது. அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில வருடம் சோழமண்டலக் கரை முழுக்கக் கும்பினிக்கு இதுதான் தலைநகரம்.

காலையில் மராட்டியக் குடிமகனாக வயலுக்குப் போனவர், சாயங்காலம் கும்பினிக் குடிமகனாக வீடு திரும்பியிருக்கிறார். அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நல்ல தமாஷ்!

இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

விமான நிலையம் என்றதும் நமக்குக் கண்ணாடிச் சுவரும், ஜில்லென்ற ஏ.சி-யும், நூற்றைம்பது ரூபாய்க் காபியும்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் அந்தக் கட்டடம் ஒரு திண்ணை மாதிரி. அசல் விமான நிலையம் அதற்குப் பின்னால் கிடக்கும் நிலம். அந்த நிலத்தின் கதைதான் அதன் சரித்திரம்.

சென்னைக்காரர்கள் இதில் ரொம்ப சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், 1909-ல் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைப் படித்து ஆசைப்பட்டு, சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டச் சொன்னார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டும் பார்த்துவிட்டார்! அப்புறம் தீவுத்திடலில் பொதுமக்களுக்கும் காட்டினார். அலகாபாத்தில் விமானத்தில் தபால் கொண்டுபோய் உலகப் புகழ் பெற்றார்களே, அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் நடந்தது இது.

பல்லாவரம், பரங்கிமலை, மீனம்பாக்கம்... இந்த வட்டாரத்தை ஏன் பிடித்தார்கள்? பட்டாளம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. ஊருக்கு வெளியே பொட்டல்வெளி. 1930-ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் வந்தது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையை ஓட்டிவந்தார். அங்கிருந்து அவரது கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். உலக யுத்தம் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் ஏகப்பட்ட ஓடுபாதைகள் முளைத்தன. கடலூர்க்காரர்கள் பஸ்ஸில் தாண்டிப்போகும் உளுந்தூர்ப்பேட்டையில்கூட ராயல் விமானப்படைக்கு ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்தது, அந்த ஓடுபாதைக்கும் வேலையில்லாமல் போனது. சோழவரத்தில் இருந்ததில் பிற்பாடு கார் ரேஸ் விட்டார்கள்!

மீனம்பாக்கம் மட்டும் பிழைத்தது, வளர்ந்தது. 1953-ல் விமான கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். 1972-ல் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நான்கையும் நடத்துவதற்கென்றே சர்வதேச விமான நிலைய ஆணையம் என்று ஒன்று பிறந்தது. 1995-ல் அதையும், உள்நாட்டு நிலையங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆணையத்தையும் ஒன்றாக்கி, இந்திய விமான நிலைய ஆணையம் ஆக்கினார்கள். மும்பையும் டெல்லியும் 2006-ல் தனியார் கைக்குப் போயின. சென்னை போகவில்லை.

'ஆணையம்தான் நடத்துகிறது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாலும், உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒண்டுக்குடித்தனம்! ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஆணையத்தின் பொறுப்பு. உங்கள் பெட்டியைக் குடைகிற கஸ்டம்ஸ், நிதி அமைச்சகத்தின் பிள்ளை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர் உள்துறை. துப்பாக்கியோடு நிற்கிற மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையும் உள்துறைதான். காந்தகாருக்கு விமானத்தைக் கடத்திப்போன 1999 சம்பவத்துக்குப் பிறகுதான், 2000-லிருந்து, இவர்களை வாசலில் நிறுத்தினார்கள். மழை வருமா, மூட்டம் போடுமா என்று சொல்கிறவர்கள் வானிலைத் துறை. எண்ணெய் கம்பெனிகள் தனி. பெட்டி தூக்குகிறவர்கள் யாரோ ஒரு கான்டிராக்டரின் ஆட்கள். ஆளுக்கொரு எஜமானர். இவர்களெல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் துபாய் விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். தினமும் கிளம்புகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தீயணைப்பு வண்டிக்கு ஒரு கணக்கு உண்டு. ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் அங்கே போய்த் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சும்மா இருக்கிறார்களே என்று அவர்களைப் பார்த்து நினைக்காதீர்கள். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் வருடம் முழுக்கப் பயிற்சி. வண்டிகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான், எவ்வளவு நீளமான விமானத்தை அங்கே இறங்க விடலாம் என்பதே முடிவாகும்.

அப்புறம் போகிப் பண்டிகை! உலகத்தில் வேறெந்த விமான நிலையத்துக்கும் இந்தத் தொந்தரவு இருக்காது. டயரை எரிக்காதீர்கள் என்று சுற்றுவட்டார ஜனங்களைக் கேட்டுக்கொள்வார்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போய், ஏகப்பட்ட விமானங்கள் தடுமாறிவிட்டன.

சரி, நிலத்துக்கு வருவோம்.

மீனம்பாக்கத்தில் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். அதன் பெயர் 07/25. ஏதோ பஸ் நம்பர் என்று நினைக்காதீர்கள், திசைகாட்டிக் கணக்கு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் 70 டிகிரி, எதிர்ப் பக்கத்திலிருந்து 250. கடைசி சைபரை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது இரண்டாவது ஓடுபாதை, 12/30. இந்தக் குறுக்குவெட்டில்தான் சிக்கலே. ஒன்றில் விமானம் கிளம்பினால் இன்னொன்றில் வருகிறவர் காத்திருக்க வேண்டும். இரண்டு ரோடு சந்திக்கும் நாற்சந்தியில் சிக்னல் போட்ட மாதிரி. இரண்டும் தண்டவாளம் மாதிரி பக்கம்பக்கமாகப் போயிருந்தால், அதுவும் போதிய இடைவெளியோடு, கதையே வேறு.

ஓடுபாதை மட்டும் இருந்தால் போதாது. விமானம் வழுக்கிக்கொண்டு ஓடினால் நிற்பதற்கு இரண்டு முனையிலும் காலி நிலம் வேண்டும். அந்த இடம் நெருக்கடியானால் என்ன ஆகும் என்பதை 2010-ல் மங்களூரிலும், 2020-ல் கோழிக்கோட்டிலும் பார்த்தோம். மங்களூரில் 158 பேர், கோழிக்கோட்டில் 21 பேர் செத்துப்போனார்கள். இரண்டுமே குன்றின் மேல் வெட்டிய ஓடுபாதைகள்.

நிலத்துக்கு மேலே ஆகாசமும் வேண்டும். பெரிய நிலையத்தைச் சுற்றி 4 கிலோமீட்டருக்கு 45 மீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை. அதற்கு மேல் எதுவும் நீட்டக் கூடாது என்பது விதி. சிதம்பரம் கோயில் கோபுரம் ஏறக்குறைய 135 அடி. 45 மீட்டர் என்பது 148 அடி. ஆக, நம்ம நடராஜர் கோபுரம் அந்தக் கூரைக்கடியில் தலை குனியாமல் நிற்கும், மயிரிழையில்! ஆனால் பரங்கிமலையும் பல்லாவரத்து மலைகளும் தலை குனியுமா? அவை மீனம்பாக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. சென்னையில் பல பேட்டைகளில் அடுக்குமாடி கட்டுகிறவர் ஆணையத்திடம் போய் உயரத்துக்கு அனுமதி வாங்கிவர வேண்டியிருப்பதும் இதனால்தான்.

அந்தக் கால பீரங்கிக்கு எட்டிய தூரத்தைவிட இந்தக் காலத்து விமான நிலையத்தின் கை நீளம்.

மலை ஒரு பக்கம், ரயில்பாதை ஒரு பக்கம், மிச்சமிருந்தது அடையாற்றுப் பக்கம். மணப்பாக்கம், கொளப்பாக்கம் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களை எடுத்து ஓர் இணை ஓடுபாதை போடலாம் என்று 2000-களில் திட்டம் போட்டார்கள். அதற்குள் அங்கே ஜனங்கள் வீடு கட்டி, ஹவுஸிங் லோனும் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பெரிய எதிர்ப்பு. திட்டம் சுருங்கிப்போய், நூற்றுச் சொச்சம் ஏக்கரோடு நின்றது. வேறு வழி? இரண்டாவது ஓடுபாதையை நீட்டி, ஆற்றின் மேலேயே பாலம் கட்டி, அதன் மேல் விமானத்தை ஓட்டினார்கள்!

ஆறு சும்மா இருக்குமா? 2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு பொங்கியது. ஓடுபாதை ஏரியானது. பறக்க வேண்டிய விமானங்கள் முட்டளவு தண்ணீரில் மாடுகள் மாதிரி நின்றன. நிலையத்தை மூடிவிட்டார்கள், பயணிகள் சேவை 6-ம் தேதி வாக்கில்தான் மறுபடி தொடங்கியது. இடையில் அரக்கோணத்துக் கடற்படை விமானதளத்திலிருந்து பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் மூடித் திறந்தார்கள்.

2008-ல் பெங்களூரும் ஹைதராபாத்தும் ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஏக்கரில் புதுசாகத் திறந்துவிட்டன. மீனம்பாக்கம் மொத்தமே சுமார் 1,300 ஏக்கர். விளைவு? 2024-25-ல் சென்னை வழியாகப் போனவர்கள் இரண்டு கோடிக்குச் சற்று மேல், பெங்களூர் வழியாக நாலு கோடிக்கு மேல். சிங்கப்பூர்க்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று கடலைத் தூர்த்து, 1981-ல் சாங்கியைத் திறந்தார்கள். கடலுக்குப் பட்டாதாரர் கிடையாதே!

கடலூர் மாவட்டத்துக்கு என்ன கிடைத்தது? பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் எத்தனையோ வீடுகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளை இருப்பான். அவனை அனுப்ப ராத்திரியோடு ராத்திரியாக வேன் பிடித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் மீனம்பாக்கத்துக்குப் போக வேண்டும், இல்லையானால் திருச்சிக்கு. ஒருகாலத்தில் டச்சுக்காரனும் டேனிஷ்காரனும் கப்பலை நிறுத்திவிட்டுப் படகில் ஏறி வந்து இறங்கிய ஊர் பரங்கிப்பேட்டை. இப்போது அங்கிருந்து கிளம்புவது வேன்தான்.

பக்கத்தில் நெய்வேலியில் ஓடுபாதை இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்துடையது. வாயுதூத் என்ற அரசு கம்பெனி ஒருகாலத்தில் அங்கே குட்டி விமானம் விட்டுப் பார்த்தது, தொண்ணூறுகளில் அந்தக் கம்பெனியே போய்விட்டது. பிற்பாடு உடான் திட்டத்தில் நெய்வேலி பெயர் வந்தது. வழித்தடத்தை எடுத்த கம்பெனி ஒரு தடவைகூட அதில் விமானம் விடவில்லை. தார் ரோடு போட்டால் பஸ் வந்துவிடுமா? டிக்கெட் வாங்க ஆள், தீயணைப்பு வண்டி, பாதுகாப்புப் படை, லைசென்ஸ்... இதையெல்லாம் கட்டிக் காக்கிற செலவை 19 சீட்டு விமானம் எப்படித் தாங்கும்?

கடைசியாகப் பரந்தூர். ஸ்ரீபெரும்புதூர் என்று பல வருடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் பக்கத்தில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், 13 கிராமங்கள், இரண்டு இணையான ஓடுபாதைகள். மீனம்பாக்கத்தில் முடியாதது அங்கே முடியும் என்பது அரசின் வாதம், கணக்குப்படி அது சரிதான். ஆனால் அந்த ஐயாயிரம் ஏக்கரில் ஏரிகளும் நெல் வயல்களும் இருக்கின்றன. வெள்ளம் எப்படி வரும் என்று அடையாறு பாடம் நடத்திய பிறகும், நீர்நிலை உள்ள இடத்தையா தேடிப் பிடிப்பது என்று எனக்குக்கூடத் தோன்றுகிறது. அரசு வடிகால் வழிகளைக் காட்டுகிறது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அதே வருடம் நிலப் பதிவும் தொடங்கி, சில பேர் எழுதிக்கொடுத்தார்கள்.

குண்டு கிராமங்களில் விலை செஞ்சிக்குப் போனது, உழுதவனுக்கு ஒன்றும் இல்லை. இப்போது சட்டம் இருக்கிறது, இழப்பீடு உண்டு, ஆட்சேபம் சொல்ல நாள் குறிக்கிறார்கள். அது பெரிய வித்தியாசம்தான். ஏகனாபுரத்து ஜனங்கள் பகலில் வயல் வேலையை முடித்துவிட்டு, ராத்திரியில் கூடி உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொல்ல ஆரம்பித்தது 2022-ல். 2025-ல் அது ஆயிரம் ராத்திரிகளைத் தாண்டியது.