கட்டடம் இல்லாத துவக்குத் தொழிற்சாலை

ஜேர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டோர்ஃப் என்றொரு சிற்றூர். அங்கிருந்த அகுஸ்தினியார் மடம் 1806இல் மூடப்பட்டது. 1811இல் வூர்ட்டம்பேர்க் மன்னர் முதலாம் பிரீட்ரிக்கின் ஆணைப்படி அந்த மடத்திலேயே அரச துவக்குத் தொழிற்சாலை எழுந்தது. துறவிகள் செபித்த இடத்தில் துவக்குக்குழல் கடைந்தார்கள். மௌசர் சகோதரர்கள் தொழில் பழகியது இங்கேதான். 1874இல் ஆலையே அவர்கள் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரெஞ்சுப் படையினர் ஆலையைத் தகர்த்தனர். ஆனால் மடத்துத் தேவாலயம் ஓவியங்களோடு நிற்கிறது. சுவீடனுக்குத் துவக்குச் செய்த காலத்துக் கட்டடம் ஆயுத அருங்காட்சியகமாகியிருக்கிறது.

இலங்கையில், நமது அரநாயக்க அடங்கிய நான்கு கோறளையையும் சேர்த்துக்கொண்ட கண்டி இராச்சியமும் துவக்குக்குப் பெயர்போனதுதான். 1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் சில தலைமுறைகளுக்குள் இத்தீவின் கொல்லர் அந்தத் தொழிலைத் தமதாக்கிக்கொண்டார்கள். வெறுமனே பார்த்துச் செய்யவில்லை. ஐரோப்பியர் வலப்பக்கம் வைத்த சுடுபொறியை இவர்கள் இடப்பக்கம் வைத்தார்கள். அடிக்கட்டையை இரண்டாகப் பிளந்து வளைத்தார்கள். தந்தமும் வெள்ளியும் இழைத்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்ட சிறு பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, 2023 டிசம்பரில்தான் நெதர்லாந்திலிருந்து கொழும்பு அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

இவற்றைச் செய்தவர்களுக்கு ஆலை இருக்கவில்லை. அரண்மனைப் பட்டறைகளுக்கு வெளியே, மானிய நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்த கொல்லர்கள் தத்தம் கிராமத்து உலையிலேயே இரும்பை அடித்தார்கள். மண் உலையும் துருத்தியும் கூரையும் மழையில் கரைந்துபோயின. கட்டடம் இல்லை என்பதற்காகத் தொழிலே இல்லையென்று நம் வரலாற்று நூல்கள் நடந்துகொள்வது எனக்குப் பெரும் வேதனை.

அந்த இரும்புக்கும் சப்ரகமுவவில் நீண்ட கதை உண்டு. ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலில், பலாங்கொடைப் பக்கத்தில் தாம் கண்ட இரும்புருக்கும் முறையைப் பதிந்துவைத்தார். அதற்கும் முந்தியவை சமனலவெவ மலைச்சரிவுகளின் உலைகள். 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்திலேயே இரும்பை உருக்கினார்கள். மேற்கு நோக்கிய சரிவின் விளிம்பில் உலையைக் கட்டினால் காற்றே அதை ஊதிவிடும். தொல்லியலாளர் ஜிலியன் ஜூலெஃப் 1994இல் அத்தகைய உலையை மீளக் கட்டி, உயர்ந்த கரியம் கொண்ட உருக்கு அதில் கிடைப்பதைக் காட்டினார். நீர்த்தேக்கம் வரப்போகிறது என்பதால் நடந்த தொல்லியல் ஆய்வுதான் இந்த உலைகளை வெளிக்கொணர்ந்தது.

நம் தேயிலைத் தோட்டங்களில் கான் வெட்டும்போதோ பழைய தேயிலை மலையைப் பிடுங்கிப் புதுக்கன்று வைக்கும்போதோ, இரும்பு உருக்கியபின் எஞ்சும் கறுத்துக் கனத்த கிட்டக்கட்டி தட்டுப்பட்டால் அதைக் கல்லென்று ஓடையில் எறிய வேண்டாம். எந்த மலை, எந்த இடம் என்று எழுதிவைத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பாடசாலைகள் அந்தப் பதிவை ஒரு கொப்பியில் தொடங்கினாலே போதும்.