லெமூரியா: காகிதத்தில் எழுந்து காகிதத்தில் மூழ்கிய கண்டம்

இந்தியப் பெருங்கடல் நடுவே பெரிதாக ஒரு பச்சை நிறக் கண்டம். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஆஸ்திரேலியா, உச்சியில் குமரிமுனை. இந்த வரைபடத்தைப் பார்க்காத தமிழர் இன்று குறைவு. கீழே "இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் வாழ்ந்த குமரிக்கண்டம்" என்று எழுதியிருக்கும். அந்த வரைபடத்தை முதலில் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடி வாசித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது. அந்தக் கண்டத்தைவிட அது உருவான கதை சுவாரசியமானது.

தேவாங்கில் தொடங்கியது

1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு ஒரு சிக்கல். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் நிறைய இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ஆப்பிரிக்காவில் அதன் உறவினங்கள் குறைவு. ஆனால் கடல் தாண்டி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு உறவினர் இருக்கிறார். நம்ம தேவாங்கு! (கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர் காடுகளில் அதற்கென்றே 2022-ல் சரணாலயம் அறிவித்தார்களே, அதே தேவாங்குதான்.)

நீந்தத் தெரியாத இந்த விலங்கு கடலை எப்படித் தாண்டியது? இரண்டு பக்கத்தையும் இணைத்த ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார் ஸ்க்லேட்டர். லெமூரின் பெயரால் அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அவர் மனிதனைப் பற்றியோ நாகரிகத்தைப் பற்றியோ பேசவில்லை. கண்டங்கள் நகரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் அது நியாயமான அறிவியல் ஊகம்.

மனிதன் குடியேறினான்

அடுத்து வந்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல். டார்வினின் நூல் 1859-ல் வந்துவிட்டது. ஆனால் மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்ட புதைபடிவம் கையில் இல்லை. ஏன் கிடைக்கவில்லை? அந்த நிலமே கடலுக்கடியில் போய்விட்டால் எப்படிக் கிடைக்கும்! லெமூரியாவே மனித குலத்தின் தொட்டிலாக இருக்கலாம் என்று எழுதி, அங்கிருந்து மனித இனங்கள் பரவியதாக வரைபடமும் போட்டார். ஒரு விலங்குப் பாலம் இப்படித்தான் மனிதனின் பிறப்பிடம் ஆனது.

பிறகு 1888-ல் பிளாவட்ஸ்கி அம்மையார் தன் 'இரகசியக் கோட்பாடு' நூலில் லெமூரியாவை மூன்றாம் மூல இனத்தின் இருப்பிடமாக்கினார். அவருடைய லெமூரியர்கள் ராட்சத உருவம் கொண்டவர்கள், முட்டையிலிருந்து பிறந்தவர்கள். அவருடைய பிரம்மஞான சபையின் தலைமையகம் எங்கே? சென்னை அடையாறில், 1882 முதல். அறிவியலில் இருந்து கிளம்பிய சொல் மறைஞானம் வழியாகவும் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்ன?

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. ஸ்க்லேட்டர் வராவிட்டாலும் தமிழில் கடல்கோள் மரபு உண்டு. பஃறுளி ஆற்றையும் குமரிமலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தென்மதுரை, கபாடபுரம், இன்றைய மதுரை என மூன்று சங்கங்கள் இருந்ததை இறையனார் அகப்பொருள் உரை விவரிக்கிறது. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூறு காவதம், நாற்பத்தொன்பது நாடு என்று அடியார்க்குநல்லார் கணக்குத் தருகிறார்.

அந்த நாடுகளின் பெயர்களைக் கவனியுங்கள்: ஏழ்தெங்க நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு... தென்னை, பாலை, குன்று, பனை. எல்லாம் நமக்குப் பழகிய நிலம். ஆஸ்திரேலியா வரை நீண்ட கண்டம் ஒன்றும் அங்கே இல்லை. குறும்பனை என்ற பெயரில் இன்றும் குமரி மாவட்டக் கடற்கரையில் ஓர் ஊர் உண்டு.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். மூன்று சங்கங்களும் நடந்ததாக உரை சொல்லும் ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றையும் 37 ஆல் வகுத்துப் பாருங்கள்: 120, 100, 50. மீதியே வராது! நடந்ததைப் பார்த்துக் குறித்த எண்கள் இவ்வளவு ஒழுங்காக அமையாது. இது மரபை மதிப்போடு சொல்வதற்காக அமைத்த எண் வரிசை. அதை ஆண்டுக் கணக்காகப் பிடித்துக்கொண்டு தொங்கினால் உரைகாரருக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

'குமரிக்கண்டம்' என்ற சொல் கந்தபுராணத்தில் வருகிறது. ஆனால் அங்கே அது பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று. மூழ்கிய நிலத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

இரண்டும் சேர்ந்த இடம்

ஐரோப்பிய வரைபடமும் தமிழ் உரை மரபும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சந்தித்தன. அதன் பிறகு பாடநூல்கள், மேடைப் பேச்சுகள், கா. அப்பாத்துரையாரின் நூல், தேவநேயப் பாவாணரின் ஆய்வுகள் என்று அந்தக் கண்டம் வளர்ந்துகொண்டே போனது. சுமதி ராமசாமி இதைப் பற்றி 2004-ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டியது.

அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழுக்குத் தனி வரலாறே இல்லை, எல்லாம் வடமொழியிலிருந்து வந்தது என்று படித்தவர்களே பேசிய காலம் அது. இன்னொரு பக்கம், செல்லரித்து அழிந்த ஏடுகள். அகத்தியம், முதுநாரை, முதுகுருகு என்று பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள். "எங்கே போச்சு எங்க நூலெல்லாம்?" என்ற கேள்விக்கு, மூழ்கிய கண்டம் ஒரு பதிலாக இருந்தது. அது ஆதாரம் ஆகாது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த வலி உண்மை.

மூழ்கியது எப்படி?

1912-ல் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். அப்போது சிரித்தார்கள். 1960-களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றதும் லெமூரியாவுக்கு வேலையில்லாமல் போனது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாகவே ஒட்டியிருந்தவை. ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அப்போது டைனோசர்கள் இருந்தன, மனிதன் இல்லை. நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். லெமூரின் முன்னோர்கள் அதற்கும் பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரங்களில் தொற்றிக்கொண்டு மடகாஸ்கர் வந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய பரவலான கருத்து. ஸ்க்லேட்டரின் புதிருக்கே இனி கண்டம் தேவையில்லை.

"மொரீஷியஸ் அடியில் கண்டம் கண்டுபிடிச்சுட்டாங்களே?" என்று கேட்பீர்கள். 2017-ல் அங்கே சுமார் 300 கோடி ஆண்டு பழமையான சிர்கான் படிகங்கள் கிடைத்தது உண்மை. அது கண்டங்கள் பிளந்தபோது உடைந்த ஒரு துண்டின் மிச்சம். அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை.

அப்படியானால் கடல்கோள் பொய்யா? இல்லீங்க. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரிக்குத் தெற்கே இன்று மீன் பிடிக்கும் வாட்ஜ் பேங்கின் ஒரு பகுதியும் தரையாக இருந்தது. பிறகு கடல் ஏறியது. வரலாற்றுக் காலத்திலும் கடல் சும்மா இருக்கவில்லை: 1964-ல் தனுஷ்கோடி, 2004-ல் சுனாமி. கடற்கரை மக்களுக்கு ஊரைக் கடல் கொண்டுபோவது கட்டுக்கதை இல்லை, அனுபவம்.

என் கவலை இதுதான். கரையோர மக்களின் இந்த நினைவு ஆராயத் தகுந்தது. அதன் மேல் ஒரு பெரிய பொய்க் கண்டத்தைக் கவிழ்த்து வைத்தால், கண்டம் பொய் என்று தெரியும் அன்றைக்கு நினைவையும் சேர்த்தே குப்பையில் போட்டுவிடுவார்கள். கீழடியில் ஒரு பானை ஓட்டைக் காட்டினால்கூட, "இவங்க லெமூரியா ஆளுங்க" என்று சிரிக்க எதிராளிக்கு நாமே வாய்ப்புக் கொடுக்கிறோம். அந்த ஓடு கையில் இருக்கிறது, அதில் எழுத்து இருக்கிறது. அதற்கு ஒரு கண்டத்தின் துணை வேண்டியதில்லை.

கடல்கோள் பற்றிய இலக்கியக் குறிப்புகளை மட்டும் தனியே தொகுத்து அடுத்துப் பார்க்கலாம்.